உன் அறுபது கிலோவுக்கு எத்தனை சேக்கல்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் ஆலயத்துக்கு நடந்தே போய்வருகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பேத்தி ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள். கிராம், கிலோகிராம் கணக்குகளைத் தினமும் என்னிடம்தான் கொண்டுவருகிறாள். அந்த நேரம் பார்த்து உன் கேள்வியும் வந்தது.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குத் தங்கள் எடையை, வேதாகமத்தில் வரும் பழைய எபிரெய எடை அளவான சேக்கலில் சொல்ல ஆசை. ஆனால் சேக்கல் ஓரிடத்தில் 11 கிராம், இன்னோரிடத்தில் 14 கிராம் என்று இருக்கிறதே, எதை எடுப்பது என்று கேட்டிருந்தாய். இரண்டும் சரிதான், காலம்தான் வேறு. கி.பி. 66இல் யூதர்கள் ரோமை எதிர்த்துக் கிளர்ந்தபோது அடித்த வெள்ளி நாணயம் ஏறக்குறைய 14 கிராம். அதற்கு அறுநூறு ஆண்டுக்கும் மேல் முந்திய, எரேமியா தீர்க்கதரிசி காலத்து யூதா நாடு தனக்கென்று காசு அடிக்கவில்லை. வெள்ளியை நிறுத்துத்தான் கொடுத்தார்கள். சேக்கல் என்ற சொல்லின் வேரே நிறுத்தல் என்ற வினைதான். எரேமியா ஆனதோத்தில் நிலம் வாங்கியபோது 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார். நம் கணக்கில் அது இருநூறு கிராமுக்கும் சற்றுக் குறைவு.

அந்தக் காலத்து எடைக்கற்கள் ஜெருசலேமிலும் யூதாவின் மற்ற ஊர்களிலும் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. சுண்ணாம்புக்கல்லில் செதுக்கியவை, கவிழ்த்த கிண்ணம் போன்ற உருவம், தட்டையான அடி. அவற்றை நிறுத்துக் கணக்கிட்டதில் சேக்கல் 11.33 கிராம் என்று வந்தது. நம் சவரன் 8 கிராம். சேக்கல் ஒன்றரைச் சவரனுக்குச் சற்றுக் குறைவு என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். எபிரெயரும் எடையைக் 'கல்' என்றே சொன்னார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. நம் ஊரிலும் இரும்பில் வார்த்ததை எடைக்கல் என்றுதானே சொல்கிறோம்!

இனி உன் அறுபது கிலோ. ஒரு கிலோவுக்கு 88 சேக்கல் சொச்சம். 60,000ஐ 11.33ஆல் வகுத்தால் 5,296 சேக்கல் வரும். சேக்கலைவிடப் பெரிய எடைகள் தாலந்தும் மினாவும்; தாலந்துக்கு 3,000 சேக்கல், மினாவுக்கு 50 சேக்கல் என்று வைத்தால் நீ ஒரு தாலந்து, 45 மினா, 46 சேக்கல். ஆனால் பிள்ளைகளிடம் 5,300 என்றே சொல். தசமப் புள்ளி போட விடாதே. ஒரே எடைக்கு வெட்டிய இரண்டு கற்களே சற்று ஏறியும் இறங்கியும் இருக்கும்போது, அந்தப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்களுக்குப் பொருளில்லை. தாவீது வீழ்த்திய ராட்சதன் கோலியாத்தின் கவசம் 5,000 சேக்கல் என்பதையும் மறக்காமல் சொல். ஏறத்தாழ 57 கிலோ. கிட்டத்தட்ட உன்னையே தோளில் சுமந்துகொண்டு போருக்கு வந்திருக்கிறான்!

தாலந்துக்கு 3,000 சேக்கல் என்று வேதத்தில் எங்கும் நேராக எழுதியிருக்கவில்லை. யாத்திராகமம் 38ஆம் அதிகாரத்தில் கணக்காகவே மறைந்திருக்கிறது. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் வழிபட்ட ஆசரிப்புக் கூடாரத்துக்கு 6,03,550 ஆண்கள் ஆளுக்கு அரைச் சேக்கல் வெள்ளி கொடுத்தார்கள். ஆக 3,01,775 சேக்கல். வேதம் அதை 100 தாலந்தும் 1,775 சேக்கலும் என்கிறது. 1,775ஐக் கழித்தால் மீதி மூன்று லட்சம். நூறால் வகுத்தால் 3,000. இத்தனை ஆண்டு கணக்குப் பாடம் நடத்திய எனக்கு இதைவிட அழகான பயிற்சிக் கணக்கு கிடைத்ததில்லை. விடையைச் சொல்லிவிடாதே, அவர்களே போட்டுக் கண்டுபிடிக்கட்டும்.

சேக்கலின் சிறு பகுதியான கேராவில்தான் சிக்கல். பரிசுத்த ஸ்தலத்துச் சேக்கலுக்கு 20 கேரா என்று வேதம் சொல்கிறது. தோண்டியெடுத்த கற்களை நிறுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் 24 கேரா என்கிறார்கள். அந்தக் கணக்குப்படி இரண்டு கேரா ஒரு கிராமுக்கும் குறைவு. ஜெருசலேமில் இரண்டு கேரா என்று குறியிட்ட ஒரு சிறு கல் கிடைத்தது. எடை 3.61 கிராம்! மூன்று மடங்குக்கு மேல். அதை வைத்துப் பொருள் வாங்கியவன் யாரையோ ஏமாற்றியிருக்கிறான் என்று நினைக்கும்போது, 2,700 ஆண்டு கழிந்தும் எனக்குக் கோபம் வருகிறது. பையில் பெரிதும் சிறிதுமாகக் கற்கள் வைத்திருக்காதே என்று வேதத்தின் உபாகமம் கண்டித்தது இப்படிப்பட்டவனைத்தான்.

இன்னொன்று. 1 சாமுவேல் 13:21இல் நம் பழைய வேதாகமத்தில் 'அரங்கள்' என்று வரும். மூலத்தில் உள்ள சொல் 'பிம்'. அது என்னவென்று தெரியாததால்தான் மொழிபெயர்த்தவர்கள் அரம் என்று ஊகித்தார்கள். பிறகு பிம் என்றே எழுதிய எடைக்கற்கள் மண்ணிலிருந்து வந்தன, சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு, ஏறத்தாழ 7.8 கிராம். பகைவரான பெலிஸ்தியரிடம் கலப்பைக் கொழுவைக் கூர்தீட்ட இஸ்ரவேலர் கொடுத்த கூலி அது! ஒரு கூழாங்கல் அளவுள்ள பொருள் ஒரு வசனத்தையே திறந்து காட்டியிருக்கிறது பார்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறேன். அப்பாவின் பித்தளைத் தராசைத் துடைத்து எடுத்துவைத்திருக்கிறேன், கொண்டுவருகிறேன். அதற்குள் பிள்ளைகளை ஆளுக்கு நாலு கூழாங்கல் பொறுக்கிவைக்கச் சொல். சாணைக்கல்லும் வேண்டும், தேய்த்துத் தேய்த்து 11 கிராமுக்குக் கொண்டுவருவோம்.

உன் பழைய பெஞ்சுத் தோழன்