ஆய்விடம் தேடுவோருக்கும் கொஞ்சம் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொருளறிவியலில் (மெட்டீரியல்ஸ் சயின்ஸ்) முதுகலை முடித்ததும் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் தேடி, ஒரே கடிதத்தை 43 பேராசிரியர்களுக்கு அனுப்பினேன். ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கியிருந்தேன். அவர்களில் பலர் பெண்கள்! வந்த பதில் இரண்டு, இரண்டும் மறுப்பு.

அப்புறம்தான் புத்தி வந்தது. ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகப் படிக்கத் தரும், 1991 முதல் இயங்கும் ஆர்க்கைவ் (arXiv) தளத்தில் ஒரு கட்டுரையை ஊன்றிப் படித்து, அதன் மூன்றாவது வரைபடத்தில் எழுந்த சந்தேகத்தை மட்டும் கேட்டு, அதை எழுதியவருக்கே கடிதம் எழுதினேன். மறுநாளே பதில். ஐரோப்பிய ஆய்வு இடங்களின் அறிவிப்புகளைப் பார்க்க யூராக்ஸஸ் (EURAXESS) தளம் இருக்கிறது. அங்கே பல நாடுகளில் முனைவர் பட்ட மாணவர் சம்பளம் வாங்கும் ஊழியர். சேருமுன் அந்தக் கட்டுரையாளரின் ஆய்வுக் குழுவில் இருந்த பழைய மாணவர்களிடம், எத்தனை ஆண்டில் முடித்தீர்கள் என்றும் விசாரித்தேன்.

உங்கள் கல்விப் பக்கத்தில் நுழைவுத்தேர்வுக்குத் தரும் இடத்தில் ஒரு பத்தி இதற்கும் தரலாமே?

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவி