இறுக்கிக் கட்டாதே, கண்ணு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை விட்டாயிற்று என்று அம்மா சொன்னாள். நீ பள்ளிக்கூட நாளில் போட்டுக்கொண்ட ரிப்பன் கிளிப்பை எப்படிச் செய்வது என்று பெரியவள் போனில் கேட்டாள். பக்கத்தில் உன் குரல் கேட்டது, முகத்தைத்தான் காட்டவில்லை. சரி, கைவேலையாக இருந்திருப்பாய். செய்முறையை உனக்கே எழுதுகிறேன். கூட உட்கார வேண்டியவள் நீதானே.

முதலில் துணி ரப்பர் பேண்டில் ஆரம்பி. இப்போது அதை ஸ்கிரஞ்சி என்கிறார்கள். 40 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலத்தில் மெல்லிய பருத்தித் துணி போதும்; உன் பழைய சட்டை ஏதாவது இருந்தால் பெரியவளுக்கு இன்னும் பிடிக்கும். நல்ல பக்கம் உள்ளே போகும்படி நீளவாக்கில் மடித்து, ஓரத்தில் ஓட்டுத் தையல் போடச் சொல். தையல் கோணினால் அவிழ்க்காதே, சுருங்கிவிட்டால் வெளியே தெரியாது. ஊக்கைக் கோத்துத் துணியை வெளிப்பக்கம் திருப்பி, அதே ஊக்கில் 16 செ.மீ. எலாஸ்டிக்கை மாட்டி உள்ளே விட வேண்டும். மறுமுனையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்ளாவிட்டால் அதுவும் உள்ளே போய்விடும். நீ அதற்குத்தான் அழுவாய். எலாஸ்டிக்கின் இரண்டு முனையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்தால் முடிச்சு உறுத்தாது. பிறகு துணியின் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்து வளையமாக மூடிவிடு. எலாஸ்டிக்கை இழுத்து இறுக்காதே.

ரிப்பன் கிளிப்புக்கு நடுவில் இடைவெளி உள்ள, இரண்டு கம்பி போலிருக்கும் கிளிப்தான் வேண்டும். 3 மி.மீ. அகல ரிப்பன் இரண்டு நிறத்தில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 90 செ.மீ. நீளம். இரண்டையும் ஒரு நுனியில் கட்டி, ஒன்று இந்தக் கம்பியைச் சுற்றி நடுவே இறங்க, அடுத்தது அந்தக் கம்பியைச் சுற்றி நடுவே இறங்க, மாற்றி மாற்றிப் பின்னிக்கொண்டே போனால் கடைசியில் வால் மிஞ்சும். அதில் மணி கோத்து முடிச்சுப் போட வேண்டும். நீ நிறம் சேர்த்த மாதிரி எனக்கு இன்றுவரை சேர்க்க வராது. ஊதாவுக்குப் பக்கத்தில் மஞ்சள் வைத்தாயே, அம்மா வேண்டாம் என்றாள், வகுப்பே உன்னிடம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டது. அந்தக் கிளிப் நீலப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

ரிப்பன் நுனி பிரியாமலிருக்க மெழுகுவத்திச் சுடரில் லேசாகக் காட்ட வேண்டும். அதை நீ செய், பெரியவள் வேண்டாம். சாட்டின் ரிப்பன் பெரும்பாலும் பாலியஸ்டர், உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தி என்றால் பற்றிக்கொள்ளும், அதற்கு நகப்பூச்சு தடவினால் போதும். பசையை உருக்கி ஒட்டும் க்ளூ கன்னும் உன் கையிலேயே இருக்கட்டும், சூடு குறைந்த வகைகூட 100 டிகிரிக்கு மேல் போகும். மணியைச் சின்னவன் பக்கம் விடாதே, இன்னும் 3 வயது ஆகவில்லை அவனுக்கு. அவன் ரிப்பன் சுருளை உருட்டிக்கொண்டு உட்காரட்டும்.

அப்புறம் ஒன்று. இந்த ஸ்கிரஞ்சிக்கு 1987-ல் காப்புரிமை வாங்கியவர் ரோமி ரெவ்சன் என்ற அமெரிக்கப் பெண், பாடகி. முடியழகுக்காகப் போட்ட ரசாயனத்தில் அவர் தலைமுடி நைந்துபோயிருந்தது. பிளாஸ்டிக்கும் உலோகமும் வைத்த பேண்டுகள் முடியைப் பிய்த்தன. பைஜாமா இடுப்பில் எலாஸ்டிக் இருப்பதைப் பார்த்துத்தான் அதே மாதிரி தலைக்குத் தைத்துப் பார்த்தாராம். நைந்த முடிக்காகப் பிறந்த பொருள் அது. இதைப் பெரியவளுக்குச் சொல். உனக்கும்தான் சொல்கிறேன்.

நீ இறுக்கிக் கட்டாதே. தினமும் ஒரே இடத்தில் இழுத்துக் கட்டினால் நெற்றியோரமும் காதோரமும்தான் முதலில் மெலியும். சீக்கிரம் தளர்த்திவிட்டால் திரும்ப வளரும், வருஷக்கணக்கில் விட்டால் வேர் பழுதாகிவிடும். காய்ச்சலோ பெரிய கவலையோ வந்து போய் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டுகிற முடியும் உண்டு. அதுவும் பெரும்பாலும் தானாக நின்று மறுபடி முளைத்துவிடும். ஆனால் இரும்புச் சத்தும் தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடு. உடம்புக்கு ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று தெரியட்டுமே.

கொஞ்ச நாளாக நீ போனைச் சாய்த்து வைக்கிறாய், நெற்றிக்குமேல் தெரிவதில்லை. வீட்டுக்குள்ளேயே தலையில் துணி கட்டியிருக்கிறாய். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, கேட்டால் நீ போனை வைத்துவிடுவாய் என்று பயப்படுகிறாள். உத்தியோகமும் இரண்டு பிள்ளைகளும் ஒண்டியாகச் சமாளிக்கிறாய், எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். ஆனால் எது வந்தாலும் எல்லாம் முடிந்தபிறகே சொல்கிறாய். மேல்படிப்பு சமயத்திலும் அப்படித்தான் செய்தாய். அது எங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது, கண்ணு.

வீட்டு விஷயம் எழுதத்தான் உட்கார்ந்தேன். மாடி ஒழுகல் நின்றுவிட்டது, அம்மாவின் முட்டி பரவாயில்லை. அவ்வளவுதான்.

உனக்கு அகலமான ஹேர்பேண்ட் தைக்க அம்மா வெள்ளைப் பருத்தித் துணி எடுத்து வைத்திருக்கிறாள், பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக் வைத்து, தளர்வாக. நெற்றியிலிருந்து காதுக்குப் பின்னால் சுற்றி அளவெடுத்து அனுப்பு. பெரியவள் எடுக்கட்டும், டேப் பிடிக்கக் கற்றுக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, போனை நேராக வை. அம்மா எதுவும் கேட்கமாட்டாள், நான்தான் கேட்பேன். பதில் சொல்.

அன்புடன்
அப்பா