வசந்திக்கு, பேத்தியின் வாசிப்பு பற்றி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பருவத் தேர்வு விடைத்தாள், கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றும் வேலை என்று ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறினால்தான் கொஞ்சம் சுணங்குகிறது. மாற்றல் கலந்தாய்வுக்கு இந்த வருஷமும் நான் போகவில்லை. ஓய்வு பெறுகிறவரை இந்த ஊர்ப் பள்ளியே போதும் என்று முடிவு செய்துவிட்டேன். உன் மருமகன் வேலை நிரந்தரமானது கேட்டு ரொம்ப சந்தோஷம்.

பேத்தியைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்கு வருகிறேன். மூன்றாம் வகுப்பு, பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறாள், வகுப்பில் கேட்கும் கேள்விக்கெல்லாம் சரியாக எழுதுகிறாள், ஆனால் 'என்ன கதைடா கண்ணு?' என்று கேட்டால் முழிக்கிறாள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. என் வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான். தமிழ் எழுத்து பெரும்பாலும் பார்த்தபடியே ஒலிக்கக்கூடியது. 247 எழுத்தும் பிடிபட்டுவிட்டால் பொருள் தெரியாத சொல்லைக்கூடக் குழந்தை சத்தமாக வாசித்துவிடும். கேட்கிற நமக்கும் காது நிறைந்துவிடுகிறது.

கேள்விக்குச் சரியாக எழுதுகிறாளே என்கிறாய். இதைப் பார்: 'குமிலன் சாவட்டில் தெறுங்கினான். அங்கே ஒரு மூவலியைப் பிடுக்கினான்.' குமிலன் எங்கே தெறுங்கினான்? சாவட்டில். எதைப் பிடுக்கினான்? மூவலியை. உனக்கு முழு மதிப்பெண், வசந்தி! நான் சும்மா இட்டுக்கட்டிய வரிகள் அவை. நம் புத்தகக் கேள்விகளில் பாதி இந்த வகைதான். கேள்வியில் உள்ள சொல்லை வரியில் தேடிப் பிடித்து, பக்கத்தில் இருப்பதை எடுத்து எழுதினால் வேலை முடிந்தது.

1986இல் கஃப், டன்மர் என்று இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு பெருக்கலாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தை வாசிக்கும் திறனை, மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளுதல். ஒன்று சைபர் என்றால் மற்றது எவ்வளவு இருந்தும் பிரயோசனமில்லை. உன் பேத்திக்கு முதலாவது இருக்கிறது. இரண்டாவதற்குத்தான் நீ வேண்டும். அதற்கு நோட்டும் பென்சிலும் தேவையில்லை, பேச்சு போதும்.

நான் வகுப்பில் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். கரும்பலகையில் நான்கு வரி எழுதுவேன். 'வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பாட்டி மொட்டை மாடிக்கு ஓடினாள். காயப்போட்டிருந்த வடகத்தை அள்ளி முறத்தில் போட்டாள். அடுப்படிக்குக் கொண்டு வந்தாள்.' பாட்டி ஏன் ஓடினாள்? மழை என்ற சொல்லே அதில் இல்லை பார். முதலில் ஒருத்தன் 'வடகத்தை அள்ள ஓடினா' என்றான். அது வரியிலிருந்து எடுத்தது. இன்னொருத்தன் 'காக்கா வந்திருக்கும் டீச்சர்' என்றான். அவன் வீட்டு மாடியில் அதுதான் நடக்கும், அதனால் நான் தப்பு என்று சொல்லவில்லை. 'எந்த வரியைப் பார்த்து அப்படிச் சொன்னே?' என்று மட்டும் கேட்டேன். மறுபடி முதலிலிருந்து விரல் வைத்து வாசித்தான். முதல் வரிக்கு வந்ததும் 'ஐயோ, மழை!' என்று கத்தினான். இந்த ஒரு கேள்வியை நீ பழக்கமாக்கிக்கொண்டால் போதும். சரியான பதில் வந்தாலும் கேள், தப்பான பதிலுக்கு மட்டும் கேட்டால் பிள்ளை உஷாராகிவிடும். பதிலைப் பேச்சு வழக்கிலேயே சொல்லட்டும். 'ஓடினாள்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று திருத்தினால் பொருளை விட்டுவிட்டு விகுதிக்குப் போய்விடுவாள்.

இன்னொன்று, யார் செய்தது என்பதைத் தமிழில் பல வாக்கியங்களில் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். 'ராணி தன் அக்காவிடம் குடையைக் கொடுத்தாள். நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தாள்.' நனைந்தது யார்? ராணிதான் என்று பெரியவர்களுக்கு யோசிக்காமலே தெரிகிறது. பிள்ளைகளில் சிலர் அக்கா என்பார்கள், கடைசியாகக் காதில் விழுந்த பெயர் அதுதானே. வாசிக்கும்போது நடு நடுவே நிறுத்தி 'இப்ப யாரு?' என்று கேட்டுப் பார். எங்கே நூல் அறுந்தது என்று உனக்கே தெரிந்துவிடும்.

வேகத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தாய். மத்திய அரசின் நிபுன் பாரத் என்ற அடிப்படைக் கல்வித் திட்டத்தில் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல்லாவது பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். பொருள் புரிந்து என்பதை எல்லாரும் மறந்துவிட்டு 60ஐ மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். தமிழில் 'பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்பதும் ஒரு சொல், 'பூ' என்பதும் ஒரு சொல். கடிகாரத்தை எடுத்து உள்ளே வை. ஆனால் அந்த மாதிரி நீளச் சொல்லில் அவள் திக்குகிறாள் என்றால் அதைக் கவனி. கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். துண்டு துண்டாகப் பிரித்து நீ ஒருமுறை வாசித்துக் காட்டு, அப்புறம் அவள் சேர்த்து வாசிக்கட்டும்.

என்ன வாசிக்கக் கொடுப்பது என்று கேட்டிருந்தாய். எங்கள் பள்ளிக்கு அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தன, பிள்ளைகள் அடித்துக்கொண்டு எடுக்கிறார்கள். உங்கள் ஊர்ப் பள்ளியிலும் இருக்கும், கேட்டுப் பார். இல்லையென்றால் பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் படத்தோடு இலவசமாகவே கிடைக்கின்றன, நான்கு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அவள் வகுப்பு எது என்று பார்க்காதே, ஒரு பக்கத்தில் நாலைந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் ஒரு நிலை கீழே இறங்கு. அவளுக்குத் தெரிந்த விஷயமாக இருந்தால் இன்னும் நல்லது. ஆட்டுக்குட்டி வளர்க்கிற பிள்ளைக்கு ஆட்டுக் கதை எவ்வளவு சீக்கிரம் புரிகிறது என்று நான் தினமும் பார்க்கிறேன்.

நீ எழுதியிருந்த அந்த 300 ரூபாய் வொர்க்புக்கை மாப்பிள்ளை ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்றால் தூக்கிப் போட வேண்டாம். கதைகளை வைத்துக்கொண்டு கீழே உள்ள கேள்விகளை ஒரு தாளால் மறைத்துவிடு. அவளே உனக்குக் கேள்வி கேட்கட்டும், நீ பதில் சொல். நடுவில் வேண்டுமென்றே ஒரு தப்புப் பதில் சொல்லிப் பார், விடமாட்டாள். என்ன நடந்தது என்று எழுது. அரையாண்டு விடுமுறையில் அவளையும் கூட்டிக்கொண்டு வந்தால் நானும் கேட்கிறேன்.

உன்
லதா