முள் எங்கே நிற்கிறது?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். பாபநாசம் அணை 143 அடிக்குக் கொஞ்சம்தான் பாக்கி, பிசான நெல் தப்பித்தது. மற்றதை அம்மா போனில் சொல்லியிருப்பாள்.

நீ அனுப்பிய உன் வீட்டுப் பாய்லர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்ணீர் அழுத்தம் காட்டுகிற முள் சிவப்பில், பூஜ்யத்தை ஒட்டிக் கிடக்கிறது. "நானே பார்த்துக்கிறேன்ப்பா" என்று ஒரு வரி. மில் பாய்லர் ஹவுஸில் 31 வருஷம் நின்றவனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. பெருமைதான், ஆறாம் வகுப்பிலேயே இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் போட்டவளாச்சே. ஆனால் படத்தை அனுப்பிவிட்டு நாலு நாள் சத்தமே இல்லாமல் இருந்தால் நான் என்ன நினைக்க?

சரி. மேலத்தெருப் பையன் உன் பாய்லரின் புத்தகத்தைப் போனில் இறக்கிக் கொடுத்தான், இரண்டு தடவை படித்தேன். பெயர்தான் பாய்லர், தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை. சூடாக்கி ரேடியேட்டர்களுக்குச் சுற்றி விடுகிறது, அவ்வளவுதான். ஆறியிருக்கும்போது முள் 1-க்கும் 1.5-க்கும் நடுவே நிற்க வேண்டும். ரொம்ப இறங்கிவிட்டால் பற்றாது. பெட்டிக்கு அடியில் வெள்ளிப் பின்னல் போட்ட குட்டி ஹோஸ் இருக்கிறதா பார். அணைத்து, ஆறவிட்டு, அதன் திருகு இரண்டையும் மெதுவாகத் திற. தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்கும். 1.2 வந்ததும் இரண்டையும் இறுக்கி மூடு. மறந்தால் 3-ல் சேஃப்டி வால்வு திறந்து வெளியே கொட்டும். அப்புறம் ரீசெட். வாராவாரம் முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது.

முள் சரியாக இருந்தும் பற்றாமல் உள்ளே களகளவென்றால், வெளியே போகிற பிளாஸ்டிக் குழாய் பனியில் உறைந்திருக்கும். கொதிநீர் ஊற்றாதே, குழாய் விரிசல் விட்டுவிடும். குளிக்க விளாவுகிற சூடு போதும்.

முன் மூடியை மட்டும் திறக்காதே. அது கேஸ். கேஸ் சேஃப் என்கிற பதிவேட்டில் பதிந்த ஆள்தான் அதில் வேலை பார்க்கலாம் என்று உங்கள் ஊர்ச் சட்டமே இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று அமுக்கிப் பார். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தலை வலிக்கும், கிறுகிறுக்கும், சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். தனியாக இருக்கிறவர்களை எழுப்ப ஆள் இருக்காது. பொதுவாகச் சொல்கிறேன்.

படத்தில் பாய்லருக்குப் பக்கத்தில் இரண்டு கொக்கி தெரிகிறது. ஒரு கோட்டுதான் தொங்குகிறது. மற்றது சலவைக்குப் போயிருக்கும்.

மில்லில் முள்ளைவிட கேஜ் கிளாஸ்தான் முக்கியம். பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு என்று காட்டுகிற கண்ணாடிக் குழாய். வழி அடைத்துக்கொண்டால் உள்ளே வற்றினாலும் கண்ணாடியில் பாதிக்கு நிற்கும், பார்க்கிறவனுக்கு எல்லாம் நன்றாக இருக்கிற மாதிரி. அதனால் ஷிப்டுக்கு ஷிப்டு அதன் திருகைத் திறந்து வெளியே பீய்ச்சவிட்டு, மூடினதும் தண்ணீர் விருட்டென்று ஏறுகிறதா பார்ப்போம். அதைப் பார்க்காமல் ஒரு நாளும் நான் நோட்டில் கையெழுத்துப் போட்டதில்லை.

புரட்டாசியில் ஒரு ராத்திரி நீ கூப்பிட்டாய். "அப்பா" என்றாய். அப்புறம் பேச்சு வரவில்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான். "சிக்னல் இல்லை தாயி, காலையில் பேசு" என்று வைத்துவிட்டேன். மொட்டை மாடியில்தான் நின்றிருந்தேன். சிக்னல் நன்றாக இருந்தது. நீ என்ன சொல்லிவிடுவாயோ என்று பயம். காலையில் நீ கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. அம்மாவுக்கு இது தெரியாது.

இந்த இடத்தில் "மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்" என்று எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது உனக்குத் தெரியும்.

மாடி ரூமில் கிடந்த உளுந்து மூட்டைகளைக் கீழே இறக்கியாச்சு. புது ஃபேன் மாட்டியிருக்கிறது. வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன்.

முள் எங்கே நிற்கிறது என்று படம் எடுத்து அனுப்பு. ராத்திரி எந்நேரம் என்றாலும் கூப்பிடு, போனைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன். முன் மூடியைத் திறக்காதே.

அப்பா