அப்பாவின் முகத்துக்குக் காற்று தந்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா முடிந்த மறுநாள் அப்பாவுக்கு மூச்சு முட்டி, யாங்கூனில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினெட்டு நாள் இருந்தார். இப்போது வீட்டில் இருக்கிறார், கஞ்சி குடிக்கிறார், பேரனோடு பேசுகிறார். உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து நன்றி சொல்வதுதான் முறை. அப்பாவைத் தனியே விட்டு வர மனம் வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

முதலில் டாக்டர் சயாமாவுக்கு. டாக்டர், நர்ஸ் அம்மாக்களை இங்கே மரியாதையாகச் சயாமா என்றுதான் அழைப்போம். சேர்த்த அன்று நான் உங்களிடம் சத்தம் போட்டேன். ஆக்சிஜன் வையுங்கள், ஏன் வைக்க மாட்டேன் என்கிறீர்கள் என்று அழுதேன். 2021 ஜூலையில், கொரோனா நாட்களில், இந்த ஊரில் சிலிண்டருக்காக நின்ற வரிசையை யாரால் மறக்க முடியும்? சித்தப்பாவுக்காக நானும் அதில் நின்றேன். சிலிண்டர் கிடைத்தபோது அவர் இல்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மூச்சு என்றாலே சிலிண்டர்தான். நீங்கள் கோபப்படவே இல்லை. அப்பாவின் விரலில் மாட்டியிருந்த கருவியை என் பக்கம் திருப்பி, 94 என்ற எண்ணைக் காட்டினீர்கள். "ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கிறது. 88-க்குக் கீழே இறங்கினால் நீ கேட்காமலே நான் வைப்பேன். இப்போது அவரைப் படுத்துவது, மூச்சு போதவில்லை என்கிற உணர்வு" என்றீர்கள். 2010-இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றியும் சொன்னீர்கள். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, இங்கிலாந்து மூன்று நாட்டிலும் சேர்த்து 239 நோயாளிகள். ரத்தத்தில் ஆக்சிஜன் அவ்வளவாகக் குறையாதவர்கள். பாதிப் பேருக்கு மூக்குக் குழாயில் ஆக்சிஜன், பாதிப் பேருக்கு அதே குழாயில் சாதாரணக் காற்று. ஆக்சிஜன் வாங்கியவர்களுக்குக் கூடுதலாக எந்தச் சுகமும் கிடைக்கவில்லையாம். நின்றுகொண்டே, வேறு வேலைகளுக்கு நடுவில், ஒரு நோயாளியின் மகளுக்கு இதையெல்லாம் விளக்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்?

அப்புறம் அந்தச் சின்ன மின்விசிறி. உள்ளங்கைக்குள் அடங்குகிற, சார்ஜ் போட்டு ஓட்டுகிற விசிறி. இது இங்குள்ள நோயாளிகளுக்கு உதவுகிறதா என்று வார்டில் சோதித்துப் பார்க்கிறோம், விருப்பம் இருந்தால் சேரலாம், இல்லையென்றாலும் வைத்தியம் ஒரு பொட்டுக்கூடக் குறையாது என்றார் நர்ஸ் சயாமா. அப்பா கேட்ட ஒரே கேள்வி, காசு எவ்வளவு என்பது. ஒன்றும் இல்லை என்றதும் கையெழுத்துப் போட்டார்.

முதல் முறை அவருக்குக் காலுக்குத்தான் விசிறி வந்தது. மூச்சு வாங்குகிறது என்று சொல்கிறேன், காலுக்கு எதற்கம்மா காற்று என்று என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போது புரியவில்லை. ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் கவனித்தாலே நோயாளிக்குப் பாதி பாரம் இறங்கிவிடும். அந்த ஆறுதல் வேறு, காற்று செய்கிற வேலை வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் ஒரு தடவை காலுக்கு, இன்னொரு தடவை முகத்துக்கு. கேம்பிரிட்ஜில் ஐம்பது பேரை வைத்து இப்படித்தான் சோதித்து 2010-இல் எழுதினார்களாம். முகத்துக்குக் காற்று வந்தபோதுதான் மூச்சுத் தவிப்பு குறைந்ததாம்.

இங்கேதான் தமிழ் வாத்தியார் ஐயாவுக்கு என் நன்றி. விசிறிக்கு முன்னும் பின்னும் பூஜ்யம் முதல் பத்து வரை ஓர் எண் கேட்பார்கள். பூஜ்யம் என்றால் தொல்லையே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. பர்மிய மொழியில் "மோ லா?" என்று கேட்டார்கள். மோ என்றால் மூச்சு வாங்குவதும்தான், அலுப்பும்தான். அப்பா ஆண்களைச் சயா, பெண்களைச் சயாமா என்று மரியாதையாகப் பேசும் அளவுக்குப் பர்மியம் பேசுவார். ஆனால் இந்தச் சொல்லை அலுப்பு என்றுதான் எடுத்துக்கொண்டார். படுத்தே கிடக்கிறவனுக்கு என்ன அலுப்பு என்று, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டே "ஒன்று" என்றார்! யார் மேலும் தப்பில்லை. நல்லவேளை, அன்று வாத்தியார் ஐயா பார்க்க வந்திருந்தார். ஒரு தாளில் எழுதினார்: மூச்சு இரைக்கிறதா? மூச்சு முட்டுகிறதா? நெஞ்சு இறுக்கிப் பிடிக்கிறதா? மூன்றும் ஒன்றல்ல அம்மா, உன் அப்பாவுக்கு எது என்று அவரையே சொல்லச் சொல் என்றார். அப்பா இரண்டாவதில் விரலை வைத்தார். "காத்து உள்ளே போகுது, ஆனா பத்தலை" என்றார். நர்ஸ் சயாமா அந்தத் தாளை வாங்கி, எழுத்துக்குக் கீழே பர்மியத்தில் உச்சரிப்பை எழுதிக்கொண்டு, அடுத்த நாள் முதல் "முட்டுதா?" என்றே கேட்டார். எங்கள் வார்டில் இருந்த மற்ற இரண்டு தமிழ்ப் பெரியவர்களிடமும் அப்படியே கேட்டார். ஐயா, நீங்கள் எழுதியது மூன்று வரிதான். அது இல்லாவிட்டால் அப்பாவின் எண்கள் எல்லாமே பொய்யாகப் போயிருக்கும்.

முகத்துக்கு விசிறி வந்த நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பிற்பகல், கரண்ட் இல்லை, மேலே இருந்த பெரிய விசிறி நின்றுவிட்டது. சயாமா அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்து, தலையணையை மடியில் கொடுத்து முழங்கையை ஊன்றச் சொன்னார். முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளி விசிறியைப் பிடித்து, மூக்கு, மேலுதடு, கன்னம் என்று மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மீசை முடி லேசாக அசைந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. எத்தனை என்று கேட்டபோது, ஏழில் இருந்தவர் நாலு என்றார். காலுக்குக் காற்று வந்த அன்று ஏழு ஆறாகத்தான் ஆகியிருந்தது.

கன்னத்திலும் மூக்கிலும் ஓடுகிற நரம்பு குளிர்ந்த காற்றை உணர்ந்து மூளைக்குச் சொல்ல, காற்று வருகிறது என்று மூளை கொஞ்சம் அமைதியாகிறதாம். நோயை இது தீர்க்காது. அப்பாவுக்கு இருப்பது சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நோய், நாற்பது வருடச் சுருட்டு அவர் நுரையீரலுக்குச் செய்ததை எந்த விசிறியும் மாற்றாது. ஆனால் முட்டல் வந்துவிடுமோ என்கிற பயம் இருக்கிறதே, அதுவே முட்டலைக் கூட்டுகிறது. கையில் ஒரு பிடிமானம் இருக்கிறது என்று தெரிந்ததும் அந்தப் பயம் பாதி போய்விட்டது. என் ஆயா பனையோலை விசிறியோடு தாத்தாவின் தலைமாட்டில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தது வெறும் பாசம் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

பக்கத்துக் கட்டில் அபோவுக்கு, அந்தப் பர்மியத் தாத்தாவுக்கு. நீங்களும் அந்தச் சோதனையில் இருந்தீர்கள். உங்களுக்குச் சுகம் தெரியவில்லை என்றும், அதையும் உள்ளபடி எழுதிக்கொள்ளுங்கள் என்றும் சயாமாவிடம் சொன்னீர்கள். அன்று சாயங்காலம் உங்கள் விசிறியில் சார்ஜ் மிச்சம் இருக்கிறது என்று அப்பாவிடம் நீட்டினீர்கள். ஒருவர் விசிறியை ஒருவர் மாற்றக்கூடாது என்று சயாமா ஸ்பிரிட்டும் பஞ்சுமாக ஓடிவந்தார். உங்கள் மகன் இதை உங்களுக்குப் படித்துச் சொல்லட்டும்: ஜேசூ தின் பாதே, அபோ. நன்றி, தாத்தா.

டீக்கடை அண்ணன், உங்கள் சோலார் பெட்டியில் தினமும் ஆறேழு விசிறிகளைச் சார்ஜ் போட்டு, ஒவ்வொன்றிலும் கட்டில் எண் ஒட்டி, தவறாமல் அனுப்பினீர்கள். ஒரு கியாட் வாங்கவில்லை. கோயிலில் இருந்து சாப்பாடு கொண்டுவந்த அக்காமார்களே, மிளகு ரசம் அப்பாவுக்கு இறங்கியது. பிசியோ தம்பி, உதட்டைக் குவித்து மூச்சு விடச் சொல்லித்தந்ததை அப்பா இன்றும் காலையும் மாலையும் செய்கிறார்.

சோதனையின் எண்களை எல்லாம் கூட்டிக் கழித்து முடிவு சொல்வது சயாமாக்களின் வேலை. அபோவின் எண்ணும் அப்பாவின் எண்ணும் அதில் சேர்ந்தே இருக்கும் என்பதில் எங்களுக்குச் சந்தோஷம்.

வீட்டுக்குக் கிளம்பிய அன்று விசிறியை அப்பாவிடமே கொடுத்துவிட்டீர்கள். சிவப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருக்கிறார். குளிக்கும்போது மட்டும் கழற்றி என் கையில் தருகிறார். மழை விட்டதும் எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும் என்று சொல்லச் சொன்னார். மாடி ஏற முடியாதவர்களுக்குக் கீழே நாற்காலி போட்டு வைக்கிறோம்.

உங்கள் அன்பு மறவாத,
பதினோராம் கட்டில் ஐயாவின் மகள்
யாங்கூன்