பழைய கை போதும், மாப்ளே

பாளையங்கோட்டை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. தென்காசியில் சாரல் தொடங்கிவிட்டது என்று படித்ததும் அங்கே ஓடிவர ஆசையாக இருக்கிறது. இங்கே வெயில் இன்னும் இறங்கவில்லை. வீட்டில் எல்லோரும் சுகம்.

நாம் அசைபடம் செய்த பிளாஷ் போய்விட்டது, மொபைல் ஆப் செய்ய இந்த வயதில் முதலிலிருந்து கோட்லின் நிரல்மொழி படிக்கணுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம்டா. 2020 டிசம்பர் 31-ஓடு முடிந்தது பிரவுசருக்குள் ஓடிய பிளாஷ் பிளேயர்தான். நாம் டைம்லைனில் கீஃபிரேம் (அசைவின் முக்கியப் படங்கள்) வைத்துப் பழகிய மென்பொருள் 2016-லேயே அடோபி அனிமேட் ஆகிவிட்டது. உன் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் நிரல்களை வைத்தே, ஏர் என்ற மென்பொருள் வழியாக ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் ஆப் எடுக்கலாம். ஏரை 2019 முதல் ஹார்மன் நிறுவனம் கவனித்துவருகிறது.

கூந்தன்குளம் பறவைகளை வைத்துப் பிள்ளைகளுக்கு ஒரு ஆப் செய்துகொண்டிருக்கிறேன். கூழைக்கடா, பூநாரை, மஞ்சள்மூக்கு நாரை, இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து எல்லாம் அதில் உண்டு. சிறகசைப்பை நம் பழைய முறையில்தான் வரைந்தேன். கம்ப்யூட்டரில் அழகாகப் பறந்தது போனில் திணறியது. வளைவுப் புள்ளிகள் அதிகமான வெக்டார் படத்தை, அதாவது கோடுகளாகக் கணக்கிட்டு வரையும் படத்தை, ஒவ்வொரு பிரேமிலும் புதிதாக வரைய போன் ரொம்பச் சிரமப்படும். இறகுகளை பிஎன்ஜி என்ற புள்ளிப் படமாக்கிப் போட்டதும் சரியாகிவிட்டது.

அப்புறம், சுட்டியை மேலே கொண்டுபோனால் பொத்தான் ஒளிரும் வேலையெல்லாம் இதில் நடக்காது, விரல் தொட்டால்தான் உண்டு. பொத்தானைப் பெரிதாக வை. ஆப்பை விட்டு வெளியே போனாலும் ஆண்ட்ராய்டில் பறவைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆப்பை விட்டுப் போகும்போது வரும் டீஆக்டிவேட் நிகழ்வில் அதை நிறுத்த வேண்டும். தமிழ் எழுத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். எழுத்துருவை உள்ளே பதித்தால் பழைய டெக்ஸ்ட் பெட்டியில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பறவைப் பெயர்களை நான் படமாகவே வைத்துவிட்டேன். பிள்ளைகள் படிக்கப்போகும் தமிழில் ஒரு எழுத்துகூடச் சிதையக் கூடாது.

டைரக்டர் என்ற பழைய அடோபி மென்பொருளில் நீ செய்த வேலைகள்தான் மனதை வருத்துகிறது. 2013-இல் வந்த டைரக்டர் 12 ஐபோனுக்கும் ஆப் எடுத்தது. 2017-இல் அதன் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். அதன் நிரல்மொழியான லிங்கோவில் எழுதியதை மறுபடி எழுதத்தான் வேண்டும். படமும் ஒலியும் வீணாகாது, எடுத்து வைத்துக்கொள்.

முதலில் ஆண்ட்ராய்டில் தொடங்கு. ஆப்பின் ஏபிகே கோப்பைக் கேபிளில் உன் போனுக்கு ஏற்றி அன்றைக்கே பார்த்துவிடலாம். ஐபோனுக்கு ஆப்பிளின் சான்றிதழ் வேண்டும், வருடத்துக்கு 99 டாலர். அதை அப்புறம் யோசிப்போம்.

நீ முன்பு பதிவு செய்த குளத்துப் பறவைச் சத்தங்கள் இருந்தால் வேவ் கோப்பாகவே அனுப்பு, எம்பி3 ஆக்காதே. நாரைக்கு மட்டும் என்னிடம் நல்ல ஒலி இல்லை. அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி