சறுக்குமரத்தின் மேல் நிழலும் அடியில் மணலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வந்துவிட்டால் சேலத்துக் குடும்பங்களில் வசதியுள்ளவை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏற்காட்டுக்கு ஏறிவிடுகின்றன. மற்றவை அடிவாரத்தில் உள்ள குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கு ஒருநாள் போய்வந்துவிட்டு, மீதி மாலைகளை வீட்டருகே உள்ள சிறுவர் பூங்காவிலேயே கழிக்கின்றன. ஏற்காடு அண்ணா பூங்காவில் நடக்கும் மலர்க்கண்காட்சி பற்றி நாளிதழ்களில் படங்களோடு செய்தி வருகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் விளையாடுவது நகருக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பூங்காக்களில்தான் என்பதால், அவற்றில் காணும் ஒரு குறையைத் தங்கள் இதழ் வழியாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

பேத்தியை அழைத்துக்கொண்டு நான் வழக்கமாகச் செல்லும் பூங்காவில் சாதனங்களுக்குப் பஞ்சமில்லை. ஊஞ்சல், சீசா, சுற்று ராட்டினம், இரண்டு சறுக்குமரங்கள் எல்லாம் இருக்கின்றன, வண்ணப்பூச்சும் புதிது. இருந்தும், மாலையில் கதவு திறந்ததும் முண்டியடித்து ஓடும் பிள்ளைகள் சறுக்குமரத்தின் உச்சிக்குப் போனதும் தயங்கி நிற்கிறார்கள். எவர்சில்வர் தகடு அவ்வளவு சுடுகிறது. ஒரு தகப்பனார் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை மேலிருந்து ஊற்றிப் பார்த்தார். நாலைந்து பிள்ளைகள் சறுக்குவதற்குள் ஈரம் போன இடம் தெரியவில்லை. பாவாடை கட்டிய பெண்பிள்ளைகள் துணியைத் தொடைக்கடியில் மடித்துச் செருகிக்கொண்டு இறங்குகிறார்கள். அரைக்கால் சட்டைப் பையன்களுக்கு அந்த வழியும் இல்லை.

வெயிலில் கிடக்கும் உலோகத் தகடு சுற்றியுள்ள காற்றைவிட மிக அதிகமாகச் சூடேறும் என்பதும், சிறு குழந்தைகளின் தோல் மெல்லியது என்பதால் பெரியவர்களுக்குப் பொறுக்கும் சூடுகூட அவர்களுக்குக் கொப்பளம் உண்டாக்கிவிடும் என்பதும் யாருக்கும் தெரியாத செய்திகள் அல்ல. பலரும் கவனிக்காதது வேறொன்று. சறுக்குமரத்தை வடக்குப் பார்த்து வைத்தால் வெயில் படாது என்று ஒரு பொதுவிதி உண்டு. அது நமக்கு வடக்கே வெகுதொலைவில், சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்து செல்லும் நாடுகளுக்கு ஏற்ற விதி. சேலம் ஏறத்தாழ 11 பாகை 40 நிமிட வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் 20ஆம் தேதியை ஒட்டி நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வந்துவிடுகிறது. அதன்பின் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நமக்குச் சற்று வடக்கேதான் நிற்கிறது. ஆகவே மே மாதத்தில் வடக்குப் பார்த்த தகடும் தப்பாது. பிள்ளைகள் வரும் நேரத்திலோ வெயில் மேற்கிலிருந்து சாய்வாக வருகிறது. மேற்குப் பார்த்த சறுக்குமரம் அந்த நேரத்தில் வெயிலை நேருக்கு நேர் வாங்கிக்கொள்ளும். எங்கள் பூங்காவில் இரண்டுமே அப்படித்தான் அமைந்திருக்கின்றன. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மரங்கள் சூழ்ந்த ஏற்காட்டில் இது பெரிய தொல்லையாக இராது. சுற்றிலும் மலைகள் இருந்தும் வெயில் தணியாத இந்த ஊருக்கு, திசை பார்த்து வைப்பதும் மேற்குப் பக்கம் நிழல் செய்வதும் அவசியமாகின்றன.

தரையின் நிலை இன்னும் கவலைக்குரியது. முன்பெல்லாம் ஊஞ்சலுக்கு அடியில் மண்ணாவது இருந்தது. இப்போது பார்வைக்குச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று பல பூங்காக்களில் சாதனங்களின் அடிவரை சிமென்ட் கற்களைப் பதித்துவிடுகிறார்கள். நடைபாதைக்கு அது சரி. ஓர் ஆள் உயரத்திலிருந்து பிள்ளை தலைகீழாக விழக்கூடிய இடத்தில் அந்தக் கல்லுக்கு என்ன வேலை? ஓரடி ஆழத்துக்கு மணல் நிரப்பினால் விழுகிற வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். அதுவும் உருண்டையான பருமணலாக இருக்க வேண்டும். கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட் முனையுள்ள துகள்களாக இருப்பதால் ஒன்றோடொன்று பிணைந்து நாளடைவில் இறுகிவிடும். மணலைக் கொட்டியதோடு வேலை முடிந்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கால் ஊன்றும் இடத்தில் குழி விழும், மழை பெய்தால் நீர் தேங்கிக் கொசு வளரும், தெருநாய்கள் வந்து அசுத்தம் செய்யும். வாரம் ஒருமுறை ஒருவர் வாரி இழுத்துச் சமப்படுத்தி, குப்பையும் கண்ணாடிச் சில்லும் பொறுக்கினால் போதும். புதுச் சாதனம் வாங்கப் பணம் ஒதுக்குகிறவர்களுக்கு இந்த ஒரு மண்வாரிக் கூலி கணக்கில் வராமல் போவதுதான் எனக்குப் புரியவில்லை.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளிக்கு ஒதுக்கித் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. அப்படி வரும் இடம் பெரும்பாலும் மொட்டைத் திடலாகவே வருகிறது. அங்கே அழகுக்காகக் குட்டைச் செடிகளையும் புல்தரையையும் வளர்ப்பதைவிட, மேற்கு எல்லையில் புங்கமும் வேம்பும் நடுவது மேல். மாசி, பங்குனியில் இலை உதிர்த்தாலும் கோடை முற்றுவதற்குள் புங்கம் தழைத்துவிடும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வேலிக்காக அரளியை மட்டும் தயவுசெய்து வைக்க வேண்டாம். அதன் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகள் தவழும் இடம் அது. அந்த நிழலிலேயே நாலு சாய்வு இருக்கைகளும் போட்டால், என் போன்றவர்கள் பிள்ளைகளைக் கண்பார்வையில் வைத்துக்கொண்டு உட்கார முடியும். இப்போது இருக்கைகள் வாசலோரத்தில் இருப்பதால், தாத்தா பாட்டிகள் தட்டுவடை செட் வண்டியைப் பார்த்தபடி அமர்ந்திருக்க, பிள்ளைகள் முதுகுப்புறம் விளையாடுகிறார்கள்.

இவற்றில் சில உடனே செய்யக்கூடியவை. மரம் வளரும் வரை சறுக்குமரத்துக்கும் ஊஞ்சலுக்கும் மேல் பச்சை நிழல்வலை கட்டலாம். பங்குனி முதல் ஆனி வரை பூங்காவை மாலையில் சற்றுத் தாமதமாகத் திறந்து, விளக்குப் போட்டு இரவு ஒன்பது மணி வரை விட்டுவைத்தால் செலவும் பெரிதாக ஆகாது. தறியும் பட்டறையும் முடித்து இருட்டிய பிறகே வீடு திரும்பும் பெற்றோரும் பிள்ளைகளோடு வர முடியும். அடுத்த முறை பூங்காப் பணிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது சாதனங்களின் பட்டியலோடு நிழல்வலை, மணல், அதை வாரிவிடும் ஆள் ஆகிய மூன்றையும் சேர்க்குமாறு பொறுப்பில் உள்ளவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மரக்கன்றுகளை ஆவணி, புரட்டாசி மழைக்கு முன்பே நட்டுவிட்டால் முதல் ஆண்டுத் தண்ணீர்ச் செலவும் குறையும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
சேலம்.